'அந்த நாள்' (1954) ஓடாததற்குப் பாட்டில்லாததுதான் காரணமா?

கீற்றுக்கொட்டகை:
எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' பாட்டில்லாமல் தோற்றது என்றே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. படம் வந்தது 1954 ஏப்ரலில், தமிழ்ப் புத்தாண்டுக்கு. அதற்கு ஆறு வாரம் முன்புதான் 'மனோகரா'. சங்கிலியோடு நின்று சிவாஜி முழங்கியதற்குக் கைதட்டிய கூட்டம், இங்கே படம் தொடங்கியதுமே அவர் சுடப்பட்டு விழுவதைப் பார்க்கிறது. பிறகு அவர் வருவதெல்லாம் அடுத்தவர் வாக்குமூலத்தில். போதாததற்கு ஜப்பானுக்கு உளவு சொல்லும் ரேடியோ எஞ்சினியர் வேடம். ரசிகன் யார் பக்கம் நிற்பான்?

இசைத்தட்டு:
கெட்டவன் வேடம்தான் தடை என்றால் 1953இல் 'திரும்பிப் பார்' ஓடியிருக்கக் கூடாது. அதிலும் சிவாஜி பெண்களைச் சீரழிப்பவர்தான். ஆனால் பாட்டு உண்டு, கலைஞர் வசனம் உண்டு.

பாட்டில்லாத குறையைக் கொட்டகைக்கு உள்ளே தேடாதீர்கள், வெளியே பாருங்கள். அன்று ஒரு படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், டூரிங் டாக்கீஸ் ஒலிபெருக்கி. 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போய், எல்லாரும் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். இந்தப் படத்துக்கு அங்கே போட ஒரு தட்டுகூட இல்லை. சரஸ்வதி ஸ்டோர்ஸில் இசைத்தட்டு விற்றுத் தொழிலுக்கு வந்த ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் இப்படி ஒரு படத்துக்குப் பணம் போட்டார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கீற்றுக்கொட்டகை:
விளம்பரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நாலு பாட்டைச் செருகியிருந்தால் ஓடியிருக்குமா? பாட்டுக்கு எழுந்து வெளியே போய் வருவது அன்றைய வழக்கம். இதில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் வாக்குமூலம் மறுக்கிறது; பத்து நிமிடம், அதாவது ஏறக்குறைய ஒரு ரீல், தவறினால் சந்தேக வரிசையில் ஒரு ஆளே கழன்றுவிடும். தாமதமாக வந்தால் கொலையே போச்சு. இப்படிப் பார்க்கும் பழக்கம் அன்று இல்லை. அதுதான் மூல காரணம்.

மாருதிராவ்_நிழல்:
ஒரே கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் ஜப்பானியப் படம் 'ராஷோமான்'; அதன் நகல் என்று யாரும் கிளம்பும் முன் ஒன்று. அதில் உண்மை எதுவென்று கடைசிவரை தீராது. இங்கே ஜாவர் சீதாராமனின் சி.ஐ.டி. அதிகாரி முடிச்சை அவிழ்த்தே விடுகிறார். (கொலையாளி பெயரை இங்கே எழுதாதீர்கள், பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.) அதே ஆண்டுக்கான தேசிய விருதில் 'மலைக்கள்ளன்' வெள்ளிப் பதக்கம், 'அந்த நாள்' தகுதிச் சான்றிதழ். நடுவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

இசைத்தட்டு:
முடிச்சு அவிழ்வதும் வசூலுக்குக் கேடுதான். விடை தெரிந்தபின் இரண்டாம் முறை டிக்கெட் எடுக்க வைப்பது பாட்டு. பாலசந்தரே 1964இல் 'பொம்மை' எடுத்தபோது பாட்டு வைத்தார், அதுவும் மர்மப் படம். பழக்கமில்லாததுதான் காரணம் என்றால், பத்து வருடம் கழித்து அவர் ஏன் பாட்டுக்குத் திரும்பினார்?

கீற்றுக்கொட்டகை:
'பொம்மை'யில் கதை நேர்கோட்டில் போகிறது. வெடிகுண்டு வைத்த பொம்மை எங்கே என்ற ஒரே கேள்வி. நடுவில் பாட்டு வந்தாலும் அந்தக் கேள்வி அறுவதில்லை. பாட்டை மட்டும் பார்க்காமல் அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள்.