புதுப்பிப்பு: பெர்ஹெந்தியான், தமன் நெகாரா போய் வந்தாச்சு

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: நாலு நண்பர்கள், ஆளுக்கொரு முதுகுப் பை, மலேசியாவில் தீவு, காடு, நகரம் மூன்றையும் ஒரே பயணத்தில் டிசம்பரில் பார்க்கலாமா என்று. வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரைத் தீவுகளுக்குப் போகவே கூடாது என்று தடுத்த அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. ஜூனில் போனோம்.

கிழக்குக் கரையில் உள்ள கோலா பெசுட்டிலிருந்து பெர்ஹெந்தியான் தீவுக்கு விசைப்படகு. அலையில் தண்ணீர் அடித்து ஒருவன் பை முழுக்க நனைந்தது. துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டே போங்கள். ஆனால் மறுநாள் காலை கடலில் நீந்தும்போது பச்சை ஆமை ஒன்று எங்களுக்குக் கீழே கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. பசு மேய்கிற அதே நிதானம். மூச்சு வாங்க மேலே வந்தபோது மூக்குத்துளைகூடத் தெரிந்தது. யாரும் கிட்டே போகவில்லை, தொடவில்லை.

தீவிலிருந்து திரும்பி, வக்காஃப் பாருவில் காட்டு ரயில் (காட்டு வழியே போகும் ரயில்) ஏறி ஜெரான்துட்டில் இறங்கி, அங்கிருந்து வேனில் கோலா தஹான். எதிர்க்கரையில்தான் தமன் நெகாரா தேசியப் பூங்கா, நாங்கள் பார்க்க நினைத்த காடு. சின்னப் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். ரத்தம் உறிஞ்சும் அட்டை பற்றி மார்ச்சிலேயே பயந்திருந்தேன். மழை விட்ட பாதையில், இலை நுனியில் நூல்போல் நிமிர்ந்து நின்று எங்களை நோக்கி வளைந்தது. நீளக் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகியதால் இரண்டே கடி. வலியில்லை, ரத்தம்தான் நிற்க நேரமானது.

கோலாலம்பூரில் ஒன்றரை நாள் போதவில்லை. பத்துமலையில் 272 படியும் ஏறினோம். நகரின் ‘லிட்டில் இந்தியா’வான பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. பரிமாறிய அம்மா தமிழில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி" என்றதும் எங்களில் ஒருவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து யாராவது போவதாக இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.