புதுப்பிப்பு: அம்மாவின் பிரஷர் ஏற்ற இறக்கமும் மறதியும்

போன மாதம் கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு வயது 74, பிரஷர் ஒரு வேளை 160, இன்னொரு வேளை 118, மறதியும் கூடுகிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நீங்கள் சொன்னபடியே ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, இரண்டு முறை அளந்தேன். பாதி ஏற்ற இறக்கம் அதிலேயே போய்விட்டது. முன்பு படியேறி வந்த கையோடு அளந்திருக்கிறோம்.

மீதிதான் கவலை. டாக்டர் அளந்தபோது உட்கார்ந்து 146, எழுந்து நின்ற இரண்டாவது நிமிடம் 120. மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். வயதானால் ரத்தக் குழாய்கள் விறைத்துவிடும். அழுத்தம் ஏறினால் மூளையின் நுண்குழாய்களுக்கு அடி, சட்டென்று இறங்கினால் ரத்தம் போதாது. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள முதியவர்களிடம் மறதிநோயும் அதிகம் காணப்படுகிறது, ஆனால் அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றார்.

மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். 2019இல் வந்த, பிரஷர் கட்டுப்பாடு மூளையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்த ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற ஆய்வில், பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு லேசான அறிதிறன் குறைபாடு (நினைவும் சிந்தனையும் சற்றே மங்கும் நிலை, முழு மறதிநோய் அல்ல) குறைவாகவே வந்ததாம். மருந்தை மட்டும் மாற்றியிருக்கிறார். அப்புறம், அடுத்த வாரம் நினைவாற்றல் பரிசோதனை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.