அடிபட்ட கூகை: வெளிக்காயம் இல்லை, பறக்க விடலாமா?

செல்வி_தஞ்சை:
நேற்று இரவு புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு கூகை உட்கார்ந்திருந்தது. கிட்டே போயும் பறக்கவில்லை. ரத்தம் இல்லை, இறக்கையும் தொங்கவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் புகட்டலாமா? இருட்டியதும் விட்டுவிடலாமா?

மருது:
விடவே விடாதீங்க. வளர்ந்த கூகை கைக்கு அகப்படுகிறது என்றாலே அதற்கு ஏதோ ஆகியிருக்கிறது. வண்டி மோதினால் தலையிலும் கண்ணிலும் அடிபடுவது சகஜம். விழித்திரை கிழிந்து, கண்ணின் பின்பக்கம் ரத்தம் கட்டியிருக்கலாம். வெளியே கண் பளிச்சென்றுதான் தெரியும். இரண்டு கண்மணியும் ஒரே அளவா, காதுத் துளையில் ரத்தம் உண்டா என்று மட்டும் பாருங்க. இரண்டும் சரியாக இருந்தாலும், கால்நடை மருத்துவர் கருவி வைத்துக் கண்ணுக்குள் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

தண்ணீர் புகட்ட வேண்டாம். நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது. ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பால், சோறு, கறித்துண்டு எதுவும் கூடாது.

வேலன்:
பெட்டிக்குள் வெறும் செய்தித்தாள் போட்டால் கால் வழுக்கும். பழைய வேட்டித் துணியை மடித்து விரிங்க. நூல் பிரிந்த துண்டு நகத்தில் மாட்டும். தூக்கும்போது மேலே துணியைப் போர்த்தி, இறக்கையை உடம்போடு அணைத்து, முதலில் கால்களைப் பிடிங்க. குத்துவது அலகு அல்ல, நகம். நெஞ்சை மட்டும் இறுக்காதீங்க. பறவைக்கு உதரவிதானம் (நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சு இழுக்கும் தசை) கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. இறக்கைக்குக் கட்டுப் போடுகிறவர்களும் இதில்தான் தவறுகிறார்கள்.

வனச்சரக அலுவலகத்துக்கு இப்போதே சொல்லுங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்க முடியாது.

மருது:
குணமானதும் அதே வட்டாரத்தில் விடலாம், ஆனால் சாலையைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி. அதற்கு முன் பெரிய கூண்டில் இரு பக்கமும் திரும்பிப் பறக்கிறதா, இருட்டில் இரையைப் பிடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். லாரியில் சிந்தும் தானியத்துக்கு எலி வரும், எலிக்குக் கூகை வரும். தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில், காதைக் கீழே கொடுத்தபடி பறக்கும்; அது சரியாக வண்டியின் உயரம். சாலையோரம் அடர்ந்த உயரமான வேலி இருந்தால் மேலெழும்பிக் கடக்கும்.

உங்கள் ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்லுங்க: எலி பிடிக்கக் கூகை வந்து உட்காரட்டும் என்று வயலில் நடும் டி வடிவப் பறவைத் தாங்கியைச் சாலையோர வரப்பில் நட வேண்டாம்.

செல்வி_தஞ்சை:
ஒரு கண்மணி பெரிதாகத் தெரிகிறது. வனவர் வருகிறார். வண்டியில் எப்படி வைக்க?

வேலன்:
அப்படியென்றால் தலையிலோ கண்ணிலோ அடிபட்டிருக்கலாம். பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் ஆடாமல் வைங்க. ஏசி காற்று நேரே படக் கூடாது, பாட்டு வேண்டாம், வழியில் திறந்து பார்க்காதீங்க.