மருதமுனை நெசவுசாலையா, கல்முனை நிதி நிறுவனமா? குறைந்த சம்பளத்தில் நிறைவோடு இருப்பது சரியா?

பாண்டிருப்பு வாசி (கேள்வி)

கிழக்கிலங்கையின் மருதமுனையிலுள்ள ஒரு கைத்தறி நெசவுசாலையில் ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சாரிகளுக்கும் சாறங்களுக்கும் கரை வடிவமைப்பது, நூலுக்குச் சாயம் கலப்பது, வாடிக்கையாளரிடமிருந்து வரும் கட்டளைகளைப் பொறுப்பேற்று முடிப்பது ஆகியவை என் பொறுப்பு. மாதச் சம்பளம் 46,000 ரூபா. சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் வேலை பின்னேரம் இரண்டரைக்கு முடிந்துவிடும். வெள்ளியும் ஞாயிறும் நெசவுசாலை பூட்டு. ஐந்து வயது மகளைப் பாலர் பாடசாலையிலிருந்து அழைத்துவரும் அயல்வீட்டு அக்கா மூன்று மணிவரை பார்த்துக்கொள்கிறார். அதன் பிறகு அவள் என்னோடுதான் இருப்பாள்.

இப்போது கல்முனையிலுள்ள ஒரு நிதி நிறுவனக் கிளையில் எனக்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். நிரந்தரச் சம்பளம் 55,000 ரூபா. கடன் வழங்கும் இலக்கையும், தவணைப் பணத்தைத் திரட்டும் அறவீட்டு இலக்கையும் எட்டினால் ஊக்கக் கொடுப்பனவு சேர்ந்து 95,000 வரை வரும் என்கிறார்கள். நேரம் எட்டரை முதல் ஐந்தரை வரை என்று சொல்லப்பட்டாலும், ஏழு மணிக்கு முன்னர் வீடு திரும்ப முடிவதில்லை என்று அங்கே வேலை செய்யும் ஒருவர் சொன்னார். சனிக்கிழமை ஒன்றரை மணி வரை வேலை. மகளை முழுநேரம் பார்த்துக்கொள்ள மாதம் 12,000 ரூபா கேட்கிறார்கள்.

கணவர் வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்கிறார். அவருடைய வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். வீட்டுக் கடன் தவணையோ மாதம் தவறாமல் 21,000 ரூபா. அந்தத் தவணையை நினைத்தால் புதிய வேலைக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் எனக்கு நெசவுசாலை வேலை பிடித்திருக்கிறது. சாயத்தொட்டியிலிருந்து எடுக்கும் நூல் ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், கயிற்றில் காய்ந்த பின் வேறொரு நிறம் காட்டும். ஈர நூலைப் பார்த்தே அது எந்த நிறத்தில் காயும் என்று சொல்லும் அளவுக்கு என் கண் பழகியிருக்கிறது. நான் வரைந்த கரை தறியில் விரல் விரலாக வளர்ந்து வருவதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உறவினர்களோ, உயர்தரம் வரை வர்த்தகம் படித்த பிள்ளை நூலுக்குள் கிடப்பதா என்று கேட்கிறார்கள். மனநிறைவு என்று நான் சொல்வது உண்மைதானா, அல்லது மாற்றத்துக்கு அஞ்சி நான் தேடிக்கொண்ட சாட்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றுக் கணக்காளர்

சகோதரி, மனநிறைவை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் பணத்தை மட்டும் பார்ப்போம். 46,000இலிருந்து சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் போக, கையில் வருவது 42,320 ரூபா. 55,000இலிருந்து அதே 8 வீதம் போனால் 50,600 ரூபா. வேறுபாடு 8,280 ரூபா. பிள்ளைப் பராமரிப்புக்கு 12,000 கொடுத்தால், ஊக்கக் கொடுப்பனவு இல்லாத மாதத்தில் இப்போது இருப்பதைவிட 3,720 ரூபா குறைவாகவே உங்கள் கையில் இருக்கும். இரண்டு தொகையும் மாதம் 150,000 ரூபாவுக்குக் கீழே இருப்பதால் வருமான வரி பற்றி நினைக்க வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். இப்போது கிழமைக்கு 32.5 மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள். புதிய இடத்தில் மதிய இடைவேளையைக் கழித்து, ஏழு மணி வரை நிற்பதாகவும் சனிக்கிழமையைச் சேர்த்தும் பார்த்தால் 52.5 மணித்தியாலம். மணித்தியாலக் கணக்கில் இன்று உங்கள் உழைப்பின் விலை ஏறக்குறைய 327 ரூபா. அங்கே நிரந்தரச் சம்பளம் மட்டுமென்றால் 242 ரூபா. முழு ஊக்கக் கொடுப்பனவும் கிடைத்தால் 418 ரூபா. 40,000 ரூபா ஊக்கக் கொடுப்பனவில் பாதி ஒவ்வொரு மாதமும் கிடைத்தால்தான் இன்றைய விலையைத் தொடுவீர்கள். ஆகவே 95,000 என்ற தொகையைக் கேட்டு மயங்க வேண்டாம். கடந்த ஓராண்டில் அந்தக் கிளையில் உங்கள் பதவியில் இருப்பவர்கள் உண்மையில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. ஏழு மணி வரை நிற்கும் நேரத்துக்கு அந்தக் கொடுப்பனவு உண்டா என்றும், ஊக்கக் கொடுப்பனவுக்குச் சேமலாப நிதி கட்டுவார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

பலர் மறக்கும் விடயம் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் பாதி உரித்தாகும். உங்கள் நெசவுசாலையில் அத்தனை பேர் இருந்தால், இன்று விலகினாலும் 161,000 ரூபா உங்களுடையது, நேரில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் ஐந்தாண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

படுவான்கரையான்

இத்தகைய நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் அறவீட்டு உத்தியோகத்தராக வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கங்களில் வேலை செய்திருக்கிறேன். எங்கள் வீட்டின் இரண்டு அறைகள் அந்த ஊக்கக் கொடுப்பனவில் கட்டியவை என்பதால் அதை இழிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கணக்காளர் ஐயா சொன்ன ‘ஒவ்வொரு மாதமும்’ என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் பணம் வேளாண்மையோடு சேர்ந்தே புழங்குகிறது. பெரும்போக வெட்டு முடியும் மாசி, பங்குனியிலும் சிறுபோக வெட்டு முடியும் ஆடி, ஆவணியிலும் தவணைகள் தானாகவே வரும். ஐப்பசி தொடங்கி மார்கழி வெள்ளம் வடியும்வரை வராது. இலக்கோ பன்னிரண்டு மாதமும் ஒன்றாகவே இருக்கும். நான் அறிந்த அளவில் மழைக்காலத்தில் முழு ஊக்கக் கொடுப்பனவு எடுத்தவர் அரிது.

பணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. தவணை தவறிய வீட்டுக்குப் போனால் அந்த வீட்டு அம்மா முற்றத்தில் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேநீர் கொண்டுவந்து கையில் தந்துவிட்டு, பாதித் தவணைதான் இருக்கிறது தம்பி என்பார். காதைப் பார்த்தால் தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சி இருக்கும். ஒருவர் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பாகும் குழுக்கடன் என்றால் அந்தப் பாதிக்காக மற்ற நான்கு பெண்களை அழைத்துப் பேச வேண்டும். அவர்கள் அந்த அம்மாவின் சொந்த ஊர்க்காரர்கள், சில வேளை சொந்தச் சகோதரிகள். இதைத் தாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்த சிலர் மனிதத்தன்மை குறையாமல், கடன்காரருக்குத் தவணையை மாற்றிக் கொடுத்து, நன்றாகவே செய்தார்கள். என்னால் இரவில் தூங்க முடியவில்லை. உங்கள் பதவி அலுவலகத்துக்குள்ளா, வீடு வீடாகப் போவதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அறவீட்டு இலக்கு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் போலிருக்கிறது.

கல்லாறு

அரச ஆட்சேர்ப்புக்கு விண்ணப்பியுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஓய்வும் லீவும் உண்டு. வயதெல்லை தாண்டுவதற்கு முன் முயல்வது நல்லது.

நிந்தவூர் ஆசிரியை

மேலே சொன்னவர்களின் கணக்கில் எனக்கு முரண்பாடில்லை; ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி, இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுங்கள் என்று இந்தத் தங்கச்சிக்கு ஆறுதல் சொல்லி முடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். 46,000 ரூபா அவருடைய திறமைக்குக் குறைந்த சம்பளம். தனியார் துறையில் எந்தத் திறமையும் கேட்காத வேலைக்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் ஏறியிருக்கிறது. தரை உயரும்போது ஏழு ஆண்டு அனுபவத்தின் விலையும் உயர்ந்திருக்க வேண்டும். கடைசியாக எப்போது உங்கள் சம்பளம் கூடியது? நீங்கள் எப்போதாவது வாய்விட்டுக் கேட்டீர்களா? வேலையை விரும்பிச் செய்கிறவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அந்த விருப்பத்தையே சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கழித்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஊர்களில் நெடுங்காலமாக இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைகளைப் பாருங்கள். பிள்ளைகள் மீதான அன்பின் பெயரால் அவர்கள் வாங்கும் தொகையைச் சொல்லவே கூசுகிறது.

நூலும் சாயமும் இறக்குமதி என்பதும், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது நெசவுசாலைகள் பட்ட பாடும் எனக்குத் தெரியும். முதலாளியால் எல்லோருக்கும் ஒரேயடியாகக் கூட்ட முடியாமல் இருக்கலாம். ஆனால் கட்டளைக்கு நெய்யும் சாரி ஒன்றை மற்றதிலிருந்து வேறுபடுத்துவது கரையும் நிறமும். அந்த இரண்டும் உங்களுடையவை. ஆகவே கட்டளைச் சாரி ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்புக் கொடுப்பனவு என்று தனியாகக் கேளுங்கள். விற்றால்தான் கொடுப்பார் என்பதால் அவருக்கும் அது பாரமாக இராது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, தவறாக நினைக்காதீர்கள். பிள்ளையின் நேரம் முழுவதும் உங்கள் கணக்கில் மட்டும் ஏன் விழுகிறது? கணவரின் வேலை நேரம் மாறக்கூடியது என்றால், சில நாட்களில் அவரும் மகளைப் பார்க்கலாமே. அவள் விரைவில் தரம் ஒன்றுக்குப் போவாள். பிறகு புலமைப்பரிசில் வகுப்பு, ஆங்கில வகுப்பு என்று செலவு ஏறத்தான் செய்யும். இன்று போதும் என்று தோன்றும் தொகை ஐந்தாண்டில் போதாது. அதற்கான வழியை இந்த வேலைக்குள்ளேயே தேட முடிந்தால் தேடுங்கள். முடியாவிட்டால் வேறு வேலைக்குப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை.

பாண்டிருப்பு வாசி

நேரமெடுத்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. நிறுவன முகாமையாளரிடம் நேரில் கேட்டேன். ஊக்கக் கொடுப்பனவு நியமனக் கடிதத்தில் இடம்பெறாது என்றும், முதல் ஆறு மாதமும் வெளிக்கள வேலை என்றும் சொன்னார். வேப்பங்குச்சியைப் பற்றிப் படித்த பிறகு அந்த வெளிக்களத்துக்கு என்னால் போக முடியாது. அந்த வேலையை ஏற்கவில்லை என்று அறிவித்துவிட்டேன். கல்லாறு சொன்ன அரச விண்ணப்பத்தையும் போட்டு வைப்பேன். அதை நம்பிக் காத்திருக்க மாட்டேன்.

ஆசிரியை அக்கா, மூன்று ஆண்டுகளாகச் சம்பளம் கூடவில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டேன். சம்பளம் 52,000 ஆக வேண்டும், கட்டளைச் சாரிக்குத் தனிக் கொடுப்பனவும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார். நோன்புப் பெருநாள் கட்டளைகள் முடிந்ததும் கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சம்பளம் கூடாமல் சாரிக் கொடுப்பனவு மட்டும் தருவதாகச் சொன்னால், ஒரு சாரிக்கு எவ்வளவு கேட்பது நியாயம் என்று நெசவுத் துறையில் உள்ளவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.