காலனியக் கால உண்டியல்களைப் பணத்தாள்களோடு சேர்த்து வைக்கலாமா?

பழந்தாள்:
பிரித்தானிய இந்தியாவின் பணத்தாள்களைச் சேகரித்து வருகிறேன். அண்மையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவமுத்திரை கொண்ட சில உண்டியல் தாள்கள், அதாவது வணிகர்கள் பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய கட்டளைத் தாள்கள், கிடைத்தன. அவற்றுள் ஒன்று இரங்கூனிலிருந்து சென்னைக்கு எழுதப்பட்ட தவணை உண்டியல் (குறித்த காலம் கழித்துப் பணம் தரவேண்டியது); மற்றவை எழுதப்படாத வெற்றுத் தாள்கள். இவற்றைப் பணத்தாள் தொகுப்பிலேயே வைப்பது முறையாகுமா? இவற்றின் மதிப்பை எதைக் கொண்டு அறிவது?

செம்புக்காசு:
கண்டிப்பாகச் சொன்னால் உண்டியல் பணத்தாள் அன்று. வங்காள, பம்பாய், சென்னை வங்கிகள் வெளியிட்டுவந்த நோட்டுகளை 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்து, அந்த உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. அரசின் நோட்டு, வைத்திருப்பவருக்குப் பணம் தருவதாக அரசே கூறும் உறுதிமொழி. உண்டியலோ, இன்னாருக்கு இத்தொகையைக் கொடுக்கவும் என்று ஒரு வணிகர் மற்றொருவருக்கு எழுதும் கட்டளை. ஆயினும் வெள்ளி ரூபாயைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் செலவும் ஆபத்தும் இன்றி, கடல் கடந்த கணக்குகளை நகரத்தார் போன்ற வணிகர்கள் இத்தாள்களைக் கொண்டே தீர்த்ததால், பணத்தின் வேலையை இவை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆகவே நான் இவற்றை நோட்டுகளுக்கு அடுத்ததாக, ஆனால் தனிப் பகுதியாக வைப்பேன். கண்டவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியலையும் தவணை உண்டியலையும் பிரித்து வையுங்கள்; தவணை உண்டியலுக்குத் தொகைக்கேற்ப முத்திரை வரி உயர்ந்ததால், ஒரே மன்னரின் உருவத்துடன் பல மதிப்புத் தாள்கள் கிடைக்கும்.

மறுபக்கம்:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முகப்பை மட்டும் பார்த்து மதிப்பிடாதீர்கள். உண்டியலின் வரலாறு பெரும்பாலும் அதன் பின்புறத்தில்தான் இருக்கிறது: பணம் பெறும் உரிமையை யார் யாருக்கு மேலெழுதிக் கொடுத்தார், எந்த ஊரில் வாங்கிக்கொள்ளப்பட்டது, எந்த வங்கியின் முத்திரை விழுந்தது என்பவை அங்கேதான் கிடைக்கும். நகரத்தார் கடைகளின் விலாசம், அதாவது பெயரின் முதலெழுத்துகள், தெளிவாக இருக்கும் தாளை முத்திரை அழகான வெற்றுத் தாளுக்கு மேலாகவே மதிப்பேன். பணம் கொடுக்கப்பட்டபின் கிழித்தோ துளையிட்டோ செல்லாததாக்கியிருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டாம். அது தன் வேலையை முடித்ததற்கான சான்று.

வெற்றுத் தாள்களில் பிற்காலத்தில் எவரேனும் எழுதி விற்கக்கூடும். மடிப்பின் மேல் சென்ற மை, உடைந்த இழைகளுக்குள் பரவியிருந்தால், மடித்த பிறகே எழுதியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். ஐந்தாம் ஜார்ஜ் 1910இல்தான் அரியணை ஏறினார்; அவர் உருவமுள்ள தாளில் அதற்கு முந்தைய தேதி இருந்தால் போலி என்று அறிய வேறு சோதனையே தேவையில்லை. ஆனால் அவர் மறைந்த 1936க்குப் பிந்தைய தேதியை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுசெய்துவிட வேண்டாம். கையிருப்பில் இருந்த தாளைப் பின்னர் எழுதியிருக்கவும் கூடும்.

பழந்தாள்:
நன்றி. பின்புறத்தைப் படமெடுத்துப் படிக்கத் தொடங்குகிறேன். பாதுகாப்பதற்குத் தனிக் கவனம் வேண்டுமா?

செம்புக்காசு:
பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையில் இருபுறமும் தெரியுமாறு வையுங்கள். லேமினேஷனும் ஒட்டுநாடாவும் கூடவே கூடாது. மேலும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புடைய ஆவணங்கள் 75 ஆண்டுகளைக் கடந்தாலே தொல்பொருளாகக் கருதப்படும். அவற்றைத் தனிநபர் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப அனுமதியில்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளருடன் பரிமாற்றம் செய்யும் எண்ணம் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.