ஸலாம் கொடுப்பதற்கு முன் ஓதும் பாதுகாப்பு துஆ: உங்களுக்கு நடந்தது என்ன?

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வருடமாக மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். தொழுகையின் கடைசி இருப்பில், ஸலாம் சொல்லித் தொழுகையை முடிப்பதற்கு முன், அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி ஓதும் அந்த துஆ எனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம், நாக்கு தானாக ஓடும். அன்று அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், எனக்குக் கடன் கொடுத்த நண்பர் போன் செய்தார். "நாளைக்கு லுஹருக்குள்ள போட்டுடுறேன் பாய்" என்றேன். கையில் காசில்லை, நாளைக்கும் இருக்காது என்று நன்றாகவே தெரியும். போனை அணைத்துவிட்டுத் தக்பீர் கட்டித் தொழுகையில் நின்றேன்.

இருப்பில் "மினல் மஃஸமி வல் மஃரம்" வந்தது. பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. "கடனிலிருந்து ஏன் இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு நபி (ஸல்) சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும்: கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்குக் கொடுத்தால் மீறுவான். அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீட்டிய விரல் நடுங்கியது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை.

*

எனக்கு நின்றது வேறு சொல்லில். வாப்பாவை அடக்கிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தான். மக்ரிபுக்கு அவன் இமாமாக நிற்க, நானும் உம்மாவும் பின்னால். உளூவுக்குக் கைகால் கழுவிய பிறகும் அவன் நகத்துக்குள் மண் இருந்ததைத் தொழுகை வரிசையில் நிற்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். கடைசி இருப்பில் "வமின் அதாபில் கப்ர்", மண்ணறையின் வேதனையிலிருந்தும், என்ற இடத்தில் எனக்கு மேலே ஓத வரவில்லை. தம்பியும் ஸலாம் கொடுக்கவில்லை. அவன் எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் இதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

*

முதலில் எழுதிய சகோதரருக்கு ஒரு விளக்கம். நீங்கள் ஓதியது நபியின் மனைவி ஆயிஷா (ரலி) வழியாக வருவது. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பில் நான்குதான்: நரக வேதனை, கப்ரு வேதனை, வாழ்விலும் மரணத்திலும் வரும் சோதனை, கடைசிக் காலத்தில் வரும் பொய்யன் தஜ்ஜாலின் குழப்பம். இரண்டுமே ஸஹீஹ், ஆதாரப்பூர்வமானவைதான், ஆனால் எது எது என்று தெரிந்து ஓதுங்கள்.

என் அனுபவம் சின்னது. வேகமாகத் தொழவைக்கும் ஒரு இமாமுக்குப் பின்னால் நின்றேன். மூன்றாவதைத் தொடும்போதே ஸலாம் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க மனசு சரியில்லை. இந்த துஆவை ஓதாத தன் மகனைத் திரும்பத் தொழச் சொன்னவர் முற்கால அறிஞர் தாவூஸ். ஆகவே யாரும் இதை லேசாக எடுக்காதீர்கள்.

அப்புறம், தொழுகையில் கவனம் சிதறுகிறவர்களுக்கு. நபித்தோழர் உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) இதே முறையீட்டோடு போனபோது, அது கின்ஸப் என்னும் ஷைத்தான் என்றார்கள் நபி (ஸல்). அவனை உணர்ந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பச் சொன்னார்கள். அப்படியே செய்தேன், அல்லாஹ் அதைப் போக்கிவிட்டான் என்கிறார் அந்த ஸஹாபி. கடன் விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன்: எழுதி வையுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், 2:282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். தவணை, தேதி, சாட்சி எல்லாம் போட்டு எழுதியிருந்தால் அந்த போனே வந்திருக்காது.

*

பாய், அவர் மசாயில், மார்க்கச் சட்டம், கேட்கவில்லை. தாவூஸ் சொன்னதை வைத்துப் பயமுறுத்தவும் வேண்டாம். பெரும்பாலான அறிஞர்களிடம் இது சுன்னத், கட்டாயமில்லை; விடுபட்டாலும் தொழுகை நிறைவேறிவிடும். இமாம் முந்திவிட்டார் என்று நாளெல்லாம் வருந்தத் தேவையில்லை.

ஆனால் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது உண்மை. குர்ஆன் சூராவைக் கற்றுக்கொடுப்பதுபோல நபி (ஸல்) இதைக் கற்றுக்கொடுத்தார்களாம். அதனால்தான் ஏழு வயது மகனை மடியில் வைத்து நானும் சொல் சொல்லாகச் சொல்லிக்கொடுத்தேன். தஜ்ஜால் யார் என்று சொன்னதும் என் சட்டையை இறுக்கிப் பிடித்தான். அந்த வரியை முடிக்கும்வரை விடவில்லை. இப்போது நான் தனியாகத் தொழுதாலும் அந்த இடத்தில் நெஞ்சருகே அந்தப் பிடி தெரிகிறது.

*

ஜஸாகல்லாஹ் ஹைர், எல்லோருக்கும். எழுதி வைக்கச் சொன்ன பாய், எழுதித்தான் வைத்திருந்தோம். நான் பொய் சொன்னதுதான் விஷயம்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஸலாம் கொடுத்ததும் முஸல்லா விரிப்பிலிருந்து எழாமலே போன் செய்தேன். "நாளைக்கு முடியாது பாய், சும்மா சொல்லிட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியும்" என்றார், அவ்வளவுதான். ஏழு தவணையில் கொடுத்து முடித்தேன்.