பச்சை பிடித்த செம்புக் கம்பி: திருகோணமலையில் எங்கள் டயல்-அப் நாட்கள்

போன் லைன் வழியே மொடத்தால் இணையத்துக்குப் போன காலத்தைப் பற்றித் திருகோணமலைப் பக்கத்தவர்கள் சிலர் இங்கே மாறி மாறி எழுதுகிறோம்; ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதுபவரின் ஊர்.

உவர்மலை

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. வீதிகள் திறந்து சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது. அண்ணா ரொறன்ரோவில் இருந்தார். அவருக்கு மகள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பிள்ளையின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார், ஒரு எம்பியை விடக் கொஞ்சம் பெரிது. அது இறங்கி முடிய முன்னம் லைன் அறுந்துவிடும். திரும்ப எடுத்தால் முதலில் இருந்து தொடங்கும். மூன்று இரவு இப்படியே போனது. நான்காம் இரவு அம்மா, "விடு பிள்ளை, பில் ஏறுது" என்று எழும்பிப் போய்விட்டார். அம்மாவின் அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கணினிப் படம் மினுங்குமே, அதை அமத்தினால் இணைப்பு வேகம் காட்டும். எனக்கு எப்போதும் விநாடிக்கு 26,400 பிட். கணினியைப் போன் லைனோடு இணைக்கும் மொடம் வந்த பெட்டியில் 56கே, அதாவது 56,000, என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மீதி எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

முதலில் நானும் மற்றவர்கள் செய்ததைத்தான் செய்தேன். வேகம் கூட்டும் மென்பொருள் என்று கடையில் ஒரு சிடி வாங்கினேன். எம்டியூவை, அதாவது ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவை, 1500 இல் இருந்து 576 ஆக்கினேன். வின்டோஸ் 98 இல் டயல்-அப் அமைப்புக்குள் போய் நெட்பியூய், ஐபிஎக்ஸ் என்ற தேவையில்லாத வலையமைப்பு முறைகள் இரண்டையும் எடுத்துவிட்டு, இணையத்துக்கு வேண்டிய டிசிபி/ஐபியை மட்டும் வைத்தேன். 'லொக் ஒன் டு நெட்வேர்க்' என்ற பெட்டியின் சரி அடையாளத்தையும் நீக்கினேன். இந்தக் கடைசி இரண்டும் உண்மையிலேயே உதவின: கடவுச்சொல் சரிபார்க்கும் இடத்தில் வீணாய்ப் போன நேரம் மிச்சமானது. நேரத்துக்குக் காசு கட்டுகிறவர்களுக்கு அதுவும் பெரிது. ஆனால் 26,400 அசையவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருந்தார். போன் கம்பங்களில் ஏறி இறங்கி வேலை செய்து ஓய்வுபெற்றவர், கணினியைத் தொட்டதே இல்லை. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ரிசீவரை எடுத்து 1 ஐ அமத்திப்போட்டுக் காதில வை" என்றார். இலக்கம் ஒன்றை அமத்தியதும் டயல் டோன் நின்றுவிடும். பிறகு சில விநாடி லைன் மௌனமாக இருக்கவேண்டும். என் காதில் தாளிதம் பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம்.

"பொரியிறது மூட்டு. ரீங்காரம் கரண்ட். ரெண்டையும் தேடு" என்றார் மாமா.

கம்பத்தில் இருந்து வரும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனோம். விறாந்தையில், கடல் பக்கச் சுவரில், ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி. மூடியைக் கழற்றினால் உள்ளே மயில்துத்தம் தூவியது போல நீலப்பச்சைத் தூள். திருகாணிக்குக் கீழே செம்புக் கம்பி கருத்துப்போய் இருந்தது. விரலால் தொட்டதும் ஒரு கம்பி கையோடு வந்துவிட்டது. உப்புக் காற்று அதை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது. கம்பியை ஒரு அங்குலம் வெட்டித் தள்ளி, பிளேட்டின் முதுகால் சுரண்டி, செம்பு மினுங்கும் வரை துடைத்து, திருகாணியைப் புதிதாகப் போட்டு இறுக்கினோம். மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசி மூடியைப் போட்டார் மாமா.

அந்தப் பெட்டியில் இருந்து என் அறைக்குப் போன வயர், முறுக்கில்லாத தட்டை வயர். மின் வயரோடு சேர்த்துக் கட்டி ஒரே கொழுக்கியில் மாட்டியிருந்தது. ரீங்காரம் அங்கிருந்துதான் வந்தது. அதைப் பிரித்து, முறுக்கிய இரட்டைக் கம்பி வாங்கி வேறு பக்கத்தால் இழுத்தோம். குசினிக்குப் போன கிளை வயர் ஒன்றின் முனையில் போனே இல்லை. அதையும் பெட்டியிலேயே கழற்றிவிட்டோம். சும்மா தொங்குகிற கிளையில் சமிக்ஞை போய் மோதித் திரும்பி வந்து குழப்பும்.

அன்று இரவு 42,667 காட்டியது. ஒரு எம்பிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது மூன்று நிமிடமும் சொச்சமும் ஆனது. லைனும் அறவில்லை. படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் திறந்தது. முதலில் தொப்பி, பிறகு நெற்றி. கண் வந்ததும் அம்மா திரையில் கை வைத்தார்.

ஏன் அப்படி ஏறியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 56கே மொடங்கள் பேசும் வி.90 என்ற முறையில் மறுமுனை முழுக்க டிஜிட்டல். கடைசியில் வீட்டுக்கு வரும் செம்புக் கம்பி ஒன்றுதான் பழைய அனலொக். அந்தத் துண்டு சுத்தமாக இருந்தால்தான் 33,600 ஐத் தாண்டலாம். இரைச்சல் கூடினால் மொடம் தானாகவே வி.34 என்ற பழைய, மெதுவான முறைக்கு இறங்கிவிடும். 26,400 அந்தப் பழைய படிகளில் ஒன்று. என் மொடம் முதல் நாளில் இருந்தே லைன் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை.

கிண்ணியா

அக்கா, எனக்கு நடந்தது மறுபக்கம். எனக்கு 45,333 காட்டும். கூட்டாளிகள் பொறாமைப்படுவார்கள். ஆனால் ஒரு பக்கம் திறக்கத் தொடங்கி, நடுவில் அப்படியே நிற்கும். இருபது விநாடி போய் மறுபடி ஓடும். பெரிய கோப்பு என்றால் மூன்று முறை அறும்.

காட்டுகிற இலக்கம் இணைந்த கணத்தின் வேகம் மட்டும்தான். பிறகு லைனில் சத்தம் வந்தால் இரண்டு மொடமும் பேச்சை நிறுத்திவிட்டு, என்ன வேகத்தில் கதைப்பது என்று திரும்பவும் பேரம் பேசும். அந்த இருபது விநாடி அதற்குத்தான் போனது. நான் மொடம் அமைப்பில் 'எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்' என்ற கட்டத்தில் +எம்எஸ்=வி34 என்று போட்டு (எழுதுவது ஆங்கில எழுத்தில்தான், மொடத்துக்கு மொடம் கட்டளை வேறுபடும்) வி.90 ஐ நானே நிறுத்தினேன். 31,200 தான் காட்டியது. ஆனால் 5 எம்பி கோப்பு இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடத்தில் ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது. எனக்கு அது காணும். இலக்கத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியவன் நான் என்று இன்றைக்கும் பிள்ளைகளிடம் சொல்வேன்.

இன்னொன்று. என்னுடையது கணினிக்குள் செருகும் மலிவு மொடம். மொடம் செய்யவேண்டிய கணக்கை எல்லாம் கணினியின் தலையில் போடும் வகை. பாட்டு ஒன்றைப் போட்டால் இணைப்பு தள்ளாடும். பிறகு வெளியே வைக்கும் மொடம் ஒன்று வாங்கினேன். அதை வாங்க டவுனுக்குப் போனதே ஒரு பயணம். பாலம் 2009 இல் தானே வந்தது, அப்போது பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். ஷொப்பிங் பையைத் தண்ணி படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கணினிக்கும் மொடத்துக்கும் இடையிலான போர்ட் வேகத்தை 115,200 இல் வைத்தேன், பாட்டும் கேட்டேன், இணைப்பும் அறவில்லை.

பாலையூற்று (இப்போது லண்டன்)

நான் தமிழ்ப் பக்கங்கள் வாசிக்கத்தான் இணையத்துக்குப் போனேன். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் கோப்புகள் வெறும் எழுத்து என்பதால் எங்கள் லைனுக்கு அது வரம். சங்க நூல் ஒன்றை இறக்கி, லைனை அறுத்துவிட்டு, ஆறுதலாக வாசிப்பேன்.

தமிழ் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாறியபோது பயந்தேன். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் ஒரு குறிக்கு ஒரு பைட், ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பக்கம் மூன்று மடங்கு மெதுவாகும் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஆகவில்லை. மொடத்துக்குள் வி.42பிஸ் என்று ஒரு சுருக்கும் முறை இருக்கிறது. திரும்பத் திரும்ப வருவதை அது மடித்து அனுப்பும். தமிழ் எழுத்தின் 3 பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டு விதத்தில் ஒன்றுதான். மடிப்பதற்கு அதை விட வசதி வேண்டுமா? ஸிப் கோப்பும் ஜேபெக் படமும் ஏற்கனவே மடித்தவை, அவற்றை மொடத்தால் மேலும் சுருக்க முடியாது. அதனால் படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் எடுப்பதுதான் டயல்-அப்பில் நான் கண்ட மிகப் பெரிய வேகம். அந்நாள் ஒபெரா உலாவியில் ஜி எழுத்தை அமத்தினால் போதும், படம் போய்விடும்.

நிலாவெளி

எங்களுக்குச் சிறிய விடுதி. வெளிநாட்டு விருந்தினருக்குப் பதில் எழுதவே லைன். பதில் எல்லாம் லைன் இல்லாமல் எழுதி வைத்து, இரவில் இணைந்து, ஒரே தள்ளாக அனுப்பி, வந்ததை இறக்கி, உடனே அறுப்போம். நான்கு நிமிட வேலை. வேகம் கூட்ட நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை.

2004 டிசம்பர் 26 க்குப் பிறகு அந்த லைனும் இல்லை, கம்பமும் இல்லை. பதில் எழுத வேண்டிய கடிதங்கள் கணினியோடு போய்விட்டன. சிலர் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று மாதக்கணக்காகக் கேட்டு எழுதியிருந்ததைப் பிறகு டவுனில் ஒரு கடையில் இருந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் அங்கிருந்தே பதில் போட்டேன்.

லிங்கநகர்

நான் டயல்-அப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஏடிஎஸ்எல் என்ற பிராட்பேண்ட் இணைப்பு. மார்கழி மழைக்கு மட்டும் இணைப்பு விழுந்து விழுந்து எழும்புகிறது. ரவுட்டரை மாற்றினோம், சரிவரவில்லை. அக்கா சொன்ன பெட்டி எங்களுக்கும் இருக்குமா?

உவர்மலை

இருக்கும் தம்பி. ஏடிஎஸ்எல்லும் அதே செம்புக் கம்பியில்தான் வருகிறது, குரலுக்கு மேலே உள்ள அதிர்வெண்களில். மூட்டில் ஈரம் ஏறினால் அதற்கும் அதே கதிதான். முதலில் 1 ஐ அமத்திக் கேளுங்கள், மழை பெய்யும்போதே கேளுங்கள், காய்ந்த பிறகு சத்தம் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு போனுக்கும் ஃபில்டர் (குரலையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி) மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுவரில் வயர் நுழையும் இடம். வயர் வெளியில் இருந்து நேரே உள்ளே வந்தால் தண்ணி அதையே பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் போகும். பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பெட்டியைத் திறக்க முன்னம் ஒன்று: உள்ளே கை வைத்திருக்கும்போது ஆரும் அழைத்தால் மணிக்கு வரும் மின் அழுத்தம் விரலில் சுள்ளென்று அடிக்கும், கம்பியை வெறும் கையால் பிடிக்கவேண்டாம். இடி முழங்கும்போது அந்தப் பக்கமே போகவேண்டாம், ரவுட்டரின் போன் வயரையும் கழற்றிவிடுங்கள். ஒரு ஐப்பசி இடியில் என் முதல் மொடம் கருகிய மணம் இன்றும் நினைவிருக்கிறது. கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில் பிழை என்றால் அது கம்பனியின் வேலை. பொரிகிற சத்தத்தை அவர்களுக்கே போனில் கேட்க விடுங்கள்.

சுவரில் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்ததும் என்ன நிறம் என்று வந்து சொல்லுங்கள்.